கணுக்கால் ஜவ்வு ஆபரேஷன்: மலையிலிருந்து போகிறவர்கள் கவனிக்க

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்தார்கள். ஆர்த்ரோஸ்கோப் என்ற சின்னக் கேமரா குழாயை விட்டு மூட்டுக்குள் குருத்தெலும்பு எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு, தளர்ந்து கிடந்த வெளிப்பக்க ஜவ்வை இழுத்து எலும்போடு சேர்த்துத் தைத்தார்கள். மறுநாள் வீடு. அதில் எழுத வேறொன்றும் இல்லை. படாத பாடு பட்டதெல்லாம் அதற்கு முன்னாலும் பின்னாலும்தான்.

வியாதி என்னவென்று தெரியவே வருஷக்கணக்கில் ஆனது. கோத்தகிரிப் பக்கம் எங்கள் வீட்டிலிருந்து ரோட்டுக்கு வர, தேயிலைத் தோட்டத்து ஓரமாகப் படி ஏறி இறங்க வேண்டும். வலது பாதம் அடிக்கடி உள்பக்கமாக மடங்கும், வீங்கும். போன இடத்திலெல்லாம் எக்ஸ்ரே எடுத்து, "எலும்பு நல்லாத்தான் இருக்கு, சுளுக்கு" என்று பேண்டேஜ் சுற்றி அனுப்பினார்கள். ஜவ்வு எக்ஸ்ரேயில் தெரியாது என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. கடைசியில் கோயம்புத்தூரில் பார்த்த எலும்பு டாக்டர், ஒரு கையால் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு மறு கையால் குதிகாலை முன்பக்கம் இழுத்தார். இடது காலில் கெட்டியாக நின்றது. வலது காலில் பாதம் நழுவி முன்னால் வந்தது எனக்கே தெரிந்தது. உங்களுக்கும் கால் திரும்பத் திரும்ப மடங்கினால், இரண்டு காலையும் இப்படி இழுத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். எம்ஆர்ஐ அப்புறம் எடுக்கலாம். அசையாமல் படுத்திருக்கும்போது எடுக்கும் படம், நடக்கும்போது கால் எவ்வளவு ஆடுகிறது என்று காட்டாது.

முதலில் பிசியோதெரபிதான் எழுதிக் கொடுத்தார். பலருக்கு அதிலேயே சரியாகிவிடும். எனக்கு ஆகவில்லை, ஆனால் அந்த ரசீதுகள்தான் பிற்பாடு என்னைக் காப்பாற்றின.

டாக்டர் சீட்டில் 'நாள்பட்ட' என்று எழுதியிருந்தார். அதைப் பிடித்துக்கொண்டு இன்சூரன்ஸ்காரர்கள், பாலிசி எடுப்பதற்கு முன்பே இது இருந்ததா, முதன்முதலில் வைத்தியம் பார்த்த சீட்டு எங்கே என்று கேட்டுவிட்டார்கள். பாலிசி, கால் மடங்க ஆரம்பித்ததற்கு ரொம்ப முன்னால் எடுத்தது. ஆஸ்பத்திரியின் இன்சூரன்ஸ் மேஜையில் இருந்தவர் தலையைக்கூட நிமிர்த்தாமல், "அந்தப் பேப்பர் இல்லாம அனுப்ப முடியாது, எடுத்துக்கிட்டு வாங்க" என்றார். ஆபரேஷனுக்குக் குறித்த தேதி போயிற்று. மேட்டுப்பாளையம், குஞ்சப்பனை, வளைவு வளைவாக ஏறி வீடு வந்தோம். வீங்கிய காலோடு அந்தப் பயணம் என்னவென்று மேஜைக்குப் பின்னால் இருப்பவருக்குத் தெரியாது.

முதன்முதலில் வைத்தியம் பார்த்த இடத்தில் சீட்டின் நகல் இல்லை என்று கைவிரித்தார்கள். அண்ணிதான் பரணில் இருந்த எக்ஸ்ரே கவரை எடுத்து வந்தார். ஃபிலிமின் மூலையில் என் பெயரும் தேதியும் அச்சாகியிருந்தன! அதையும் பிசியோ ரசீதுகளையும் போட்டோ எடுத்து அனுப்பலாமா என்று போனில் கேட்டேன். வேறொரு பெண் எடுத்து, "தாராளமா மெயில் பண்ணுங்கக்கா" என்றாள். அனுமதி வந்துவிட்டது. முதல் ஆளே இதைச் சொல்லியிருந்தால் ஒரு பயணம் மிச்சம். எக்ஸ்ரே ஃபிலிம்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

டிஸ்சார்ஜ் அன்றும் பில் நகரவில்லை. கேஷ்லெஸ் (நாம் பணம் கட்டாமல் கம்பெனியே ஆஸ்பத்திரிக்குக் கட்டுவது) அனுமதி கேட்டால் 1 மணி நேரத்துக்குள், டிஸ்சார்ஜுக்கு 3 மணி நேரத்துக்குள் இன்சூரன்ஸ் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும் என்று 2024இல் இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஐஆர்டிஏஐ உத்தரவு போட்டிருக்கிறது. தாமதத்தால் ஆஸ்பத்திரி கூடுதலாக வாங்கினால் அதையும் கம்பெனியே கட்ட வேண்டும். என் தம்பி கம்பெனிக்குப் போன் போட்டு இதை நிதானமாகச் சொன்னான். கொஞ்ச நேரத்தில் ஒப்புதல் வந்தது. அன்றைக்கு அவனை நினைத்து எனக்கு அவ்வளவு பெருமை.

திரும்பும்போது வெளியூர் டாக்சி பிடித்தால் நீலகிரிக்குள் வர வெளி வண்டிகளுக்கு வேண்டிய இ-பாஸ் முன்கூட்டியே எடுத்திருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். டிஎன் 43 என்ற நீலகிரிப் பதிவு எண் உள்ள வண்டிக்கு அது தேவையில்லை. நாங்கள் ஊர் வண்டியையே வரச் சொல்லிவிட்டோம், பின் சீட்டில் காலை நீட்டித் தலையணை மேல் வைத்துக்கொண்டு வந்தேன்.

முதல் 2 வாரம் காலை ஊன்றவே கூடாது என்று சொல்லியிருந்தார்கள். மழையில் ஈரமான படியில் ஊன்றுகோலை நம்ப முடியாது. அக்கம்பக்கத்துப் பையன்கள் நாற்காலியில் வைத்துத் தூக்கிப்போனார்கள். ரோட்டோரமாகச் சொந்தக்காரர் வீடு இருந்தால் அந்த நாட்களுக்கு அங்கேயே தங்கிவிடுங்கள். தையல் பிரிக்கக் கீழே வரத்தான் வேண்டுமா என்று டாக்டரையே கேட்டேன். புண்ணைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி, பார்த்துவிட்டு உள்ளூரிலேயே பிரித்துக்கொள்ளலாம் என்றார். கேட்டால் கிடைக்கிறது.

பாதத்தின் மேல் ஓரிடத்தில் மரத்துப்போய் இருந்ததைப் பார்த்துப் பயந்துவிட்டேன். தோலுக்கு அடியில் ஓடும் நரம்பு உரசுப்பட்டால் அப்படி இருக்குமாம், பெரும்பாலும் மெல்ல மெல்லச் சரியாகும் என்றார் டாக்டர். இதை ஆபரேஷனுக்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கால் அசையாமல் இருக்கப் போட்டிருந்த பூட்ஸை இப்போது கழற்றியாகிவிட்டது. சமையலறை மேடையைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நிற்கும் பயிற்சி நடக்கிறது. படி இறங்கும்போது மட்டும் கணுக்காலுக்குப் பிடிமானமாகப் பிரேஸ் போட்டுக்கொள்கிறேன். நேற்று ரோடு வரை ஒருமுறைகூட மடங்காமல் போய் வந்தேன்.