சீதன வீடும் வங்கிக் கடிதமும்

யாழ்ப்பாணத்தில் தொழிற்கடன், வீட்டுக்கடன் என்று இரண்டு இல்லை. கடைக்குச் சாமான் போட எடுக்கிற காசுக்கும் வீட்டு உறுதிதான் ஈடு. அந்த வீடும் அநேகமாகப் பெண்ணுக்குச் சீதனமாக எழுதினதாயிருக்கும். யாழ்ப்பாணத் தமிழருக்கான வழமைச் சட்டமான தேசவழமைப்படி புருஷனின் சம்மதமும் வேண்டியதால் நொத்தாரிசு இரண்டு பேரையும் இருத்தி வைத்துக் கையெழுத்து வாங்குவார். கடை நொடித்தால் போகிறது அவளின் வீடு.

என்ர மச்சாள் கோப்பாயில் இருக்கிறா. புருஷனுக்குச் சீமெந்து, கம்பி விற்கிற கடை. 2021 இல் மாறும் வட்டிக்கு 35 இலட்சம் எடுத்தவை. அடுத்த ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. சில நாளில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று நாடே அறிவித்தது. வங்கிகள் தங்கட நல்ல வாடிக்கையாளரிடம் வாங்குகிற முதன்மைக் கடன் வட்டி, 2021 முடிவில் 9 வீதத்துக்கும் குறைவாயிருந்தது, 2022 முடிவில் 27 வீதத்தைத் தாண்டியது. சனம் வீடு கட்டுறதை அரைச்சுவரோடு நிப்பாட்டிப் போட்டுது. கடையில் வியாபாரம் படுத்துவிட்டது, தவணைக் காசு மட்டும் ஏறிக்கொண்டே போனது.

நான் போனபோது மச்சாள் உறுதியையும் நிலஅளவைப் படத்தையும் சொப்பிங் பையிலிருந்து எடுத்துக் கட்டிலில் விரித்து வைத்திருந்தா. பக்கத்தில் வங்கிக் கடிதம், முழுக்க ஆங்கிலத்தில். அதில் அவவுக்கு விளங்கினது ஏலம் என்ற ஒரு சொல்தான். தரகர் ஏற்கெனவே ஒரு வெளிநாட்டுக்காரரின் விலையோடு வந்து போய்விட்டார், பெறுமதியில் பாதிகூட வராது.

“பேப்பரில பேர் வரமுன்னம் வித்துப்போட்டு வாடகைக்குப் போவம் மச்சாள். குமரை வச்சுக்கொண்டு ஏலம் போன வீடெண்டு பேர் எடுக்கேலாது” என்றா.

வங்கியைவிட இந்தப் பயம்தான் எங்கட ஊரில் வீடுகளைத் தின்கிறது. பராட்டே என்று எல்லாரும் நடுங்குகிற அந்த அதிகாரம் 1990 ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. நீதிமன்றம் போகாமலே வங்கியின் பணிப்பாளர் சபை தீர்மானம் எடுத்து, வர்த்தமானியிலும் பத்திரிகைகளிலும் போட்டு, ஈட்டுக் காணியை ஏலத்தில் விற்கலாம். ஆனால் கொடுத்த அசல் 50 இலட்சத்துக்குக் குறைவாயிருந்தால் அதைப் பாவிக்க முடியாதென்று அந்தச் சட்டமே தடுத்திருந்தது. அப்படியான கடனுக்கு வங்கி வழக்குத்தான் போட வேண்டும். வழக்கென்றால் நீதிமன்றத் தவணை உண்டு, பேசித் தீர்க்க இடமுண்டு. மச்சாளின் அசல் 35 இலட்சம். இதை அவவுக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. கடிதத்திலும் இல்லை. எத்தனை பேர் இது தெரியாமல் வந்த விலைக்கு அறுதி எழுதிக் கொடுத்தார்களோ என்று நினைக்க வயிறு எரிகிறது.

இருவரையும் கூட்டிக்கொண்டு வங்கிக்குப் போனேன். கடை விற்பனைக் கொப்பியையும் கொண்டு போனோம். மாதம் எவ்வளவு கட்ட இயலுமென்று கொப்பியைக் காட்டித்தான் கதைத்தோம். கடன் காலத்தை நீட்டி, நிலுவை வட்டியைப் புறம்பாக்கி, புதுத் தவணை எழுதித் தந்தார்கள். மொத்தத்தில் கூடக் கட்ட வேண்டி வரும்தான். ஆனால் வீடு அவையின்ரை.

2024 இல் பராட்டேயைத் தற்காலிகமாக நிறுத்தினார்கள், டிசம்பர் 15 வரை. பிறகு 2025 மார்ச் முடிவு மட்டும் நீட்டினார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அந்த வாதங்களில் நான் கேட்டதெல்லாம் சிறிய, நடுத்தரத் தொழில்களைக் காப்பாற்றும் கதை. குடியிருக்கிற வீடு என்று ஒரு வகையைத் தனியாகப் பிரித்துப் பேசினதாக எனக்குத் தெரியவில்லை. ஹோட்டலும் தொழிற்சாலையும் ஏலம் போவதும், பிள்ளைகள் படுத்தெழும்புகிற வீடு ஏலம் போவதும் ஒரே கணக்கா? குடியிருக்கும் ஒரே வீடென்றால் அசல் எவ்வளவாயிருந்தாலும் நீதிமன்றம் பார்க்காமல் விற்கக் கூடாது. அந்தக் கடிதமும் வீட்டுக்காரிக்கு விளங்கும் மொழியில் வர வேண்டும்.

இதை வாசிக்கிற ஆரும் இப்ப அந்த நிலையில் இருந்தால், தரகரைக் கூப்பிட முன்னம் ஈட்டு உறுதியை எடுத்து அசல் தொகையைப் பாருங்கோ. இன்றைய சட்டத்தில் அந்த எல்லை எவ்வளவென்று ஒரு சட்டத்தரணியிடம் கேளுங்கோ. கிளையில் முறையாக எழுதிக் கேட்டும் மறுமொழி வராவிட்டால், மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு 1935 என்ற தொலைபேசி இலக்கத்தில் எடுக்கலாம். பெண்ணின் பெயரில் வீடென்றால் அவவும் கட்டாயம் போய் இருந்து கதைக்க வேணும்.