நிஜாமுல் முல்க் கேள்வி: வரலாறு எது, கதை எது என்று பிரித்துப் படிக்க

ஈரானை மையமாகக் கொண்ட 11ஆம் நூற்றாண்டு செல்ஜூக் பேரரசுப் பாடத்தில் வசீர் (தலைமை அமைச்சர்) நிஜாமுல் முல்க் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியும் மதிப்பெண் குறைகிறது என்றால், முதல் பத்தியைப் பாருங்கள். இவரும் கவிஞர் உமர் கய்யாமும், இஸ்மாயிலிகள் என்ற ஷியா பிரிவினரை ஈரானில் வழிநடத்திய ஹசன் சப்பாஹும் நிஷாப்பூரில் ஒன்றாகப் படித்தவர்கள், யார் உயர்ந்தாலும் மற்ற இருவரையும் கைதூக்கிவிடுவதாகச் சத்தியம் செய்தவர்கள் என்று தொடங்கியிருக்கும். நிஜாமுல் முல்க் பிறந்தது 1018இல், கய்யாம் 1048இல். முப்பது வயது இடைவெளியில் ஒரே வகுப்பு எப்படி? மூவரும் இறந்து நூறு ஆண்டுக்கு மேல் ஆனபிறகுதான் பாரசீக வரலாற்று நூல்களில் இந்தக் கதை வருகிறது. 1859இல் ஃபிட்ஸ்ஜெரால்ட், கய்யாம் பாடல்களின் தன் ஆங்கில மொழிபெயர்ப்பான ருபாயியாத்தின் முன்னுரையில் சேர்த்ததால் உலகெங்கும் பரவியது.

அதனால் ஆண்டுகளில் தொடங்குங்கள். ஒரு தாளில் செங்குத்தாக ஒரு கோடு: 1064 சுல்தான் அல்ப் அர்சலானின் வசீர், 1067 பாக்தாத் நிஜாமிய்யா (அவர் நிறுவிய கல்விக்கூடம்) திறப்பு, 1072 அல்ப் அர்சலானின் மகன் மாலிக் ஷா அரியணை, 1079 ஜலாலி என்ற சூரிய நாட்காட்டி, 1090 ஹசன் அலமூத் கோட்டையைப் பிடிப்பது, 1092 நிஜாமுல் முல்க் கொலை. புத்தகத்தை மூடிவிட்டு எழுதிப் பாருங்கள். 1090ஐயும் 1092ஐயும் மாற்றிப் போட்டால் கொலைக்கான பின்னணியே கலைந்துவிடும்.

அடுத்தது அவர் எழுதிய சியாசத்நாமா. பலர் ‘50 அத்தியாயம் கொண்ட அரசியல் நூல்’ என்ற ஒரு வரியோடு நிறுத்திவிடுகிறார்கள். முதலில் எழுதியது 39, பிறகு சேர்த்தது 11. இந்த 11இல் குரலே மாறுகிறது: பாத்தினிகள் (இஸ்மாயிலிகளுக்கு அவர் தரும் பெயர்) மேல் கடும் தாக்குதல், அரண்மனைப் பெண்கள் ஆட்சியில் தலையிடுவதைப் பற்றிய எரிச்சல். மாலிக் ஷாவின் மனைவி தர்கன் காத்தூனோடு வாரிசு விஷயத்தில் அவருக்கு இருந்த பகையை இங்கே இணைத்து எழுதினால், நூலை உள்ளே போய்ப் படித்தவர் என்று திருத்துபவருக்குத் தெரியும். இக்தாவுக்கு (ஒரு பகுதியின் வரியை வாங்கிக்கொள்ளும் உரிமையை அதிகாரிக்குத் தரும் முறை) ஐந்தாம் அத்தியாயம் போதும்: இக்தா பெற்றவருக்கு உரிய வரியை நயமாக வாங்கும் உரிமை மட்டுமே, குடிகளின் உடல், பொருள், மனைவி மக்கள் மேல் எந்த உரிமையும் இல்லை. ஆனால் இது அவர் விரும்பிய ஒழுங்கு. நாடெங்கும் அப்படியே நடந்தது என்று எழுதினால் தவறு. நூலில் வரும் பழைய மன்னர் கதைகளும் உபதேசத்துக்காகச் சொன்னவை, அவற்றைச் சான்றாகக் காட்டக் கூடாது.

நிர்வாகத்துக்கு ஒரே ஒரு எடுத்துக்காட்டு வேண்டுமா? ஜைஹூன் (ஆமு தர்யா) ஆற்றில் படையைக் கரை சேர்த்த ஓடக்காரர்களுக்குக் கூலியை அந்தாக்கியாவின் (அந்தியோக்கியா) வருவாயிலிருந்து பெறும்படி சீட்டு எழுதிக் கொடுத்தார் என்ற செய்தி. மத்திய ஆசிய ஆற்றங்கரையில் எழுதிய சீட்டுக்குச் சிரியாப் பக்கத்தில் பணம். பேரரசின் நீளத்தைச் சொல்ல இதைவிடச் சுருக்கமான வழி தெரியவில்லை.

கொலையை எழுதும்போது அவசரப்படாதீர்கள். 1092 அக்டோபர், ரமலான் மாதம். இஸ்பஹானிலிருந்து பாக்தாத் போகும் வழியில், நஹாவந்த் அருகே, பல்லக்கில் இருந்தவரை நெருங்கி வந்தவன் கத்தியால் குத்தினான். இஸ்மாயிலிகளின் வேலை என்பதே பரவலான கருத்து. மாலிக் ஷாவுக்கும் வசீரின் எதிரி தாஜுல் முல்குக்கும் பங்கு உண்டு என்ற சந்தேகமும் அக்காலத்திலேயே எழுந்தது. இரண்டையும் எழுதுங்கள். சுல்தானும் சில வாரங்களில் இறந்தார், வாரிசுப் போர் மூண்டது.

பெயரிலும் கவனம் தேவை. நிஜாமுல் முல்க் என்பது பட்டம், இயற்பெயர் ஹசன் (ஹசன் சப்பாஹ் வேறு ஆள்). ஹைதராபாத்தின் முதல் நிஜாமுக்கும் இதே பட்டம் உண்டு, அவர் 18ஆம் நூற்றாண்டுக்காரர்.

‘பிற்கால இலக்கியத்தில்’ என்று கேட்டால் மட்டும் நாவல்களுக்கு வாருங்கள். பார்த்தோலின் ‘அலமூத்’ (1938) பள்ளித் தோழர் கதையை எடுத்தாள்கிறது. அமீன் மாலூஃபின் ‘சமர்கந்த்’ (1988) அதை ஏற்காமலேயே மூவரையும் ஒரே அரசவையில் சந்திக்க வைக்கிறது. இந்த வேறுபாட்டுக்கு நான்கு வரி போதும்.