டிசம்பர் 3-க்கும் டிசம்பர் 10-க்கும் நடுவே

டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் நாள். டிசம்பர் 10 மனித உரிமைகள் நாள். நடுவே ஒரு வாரம்தான். சென்னையில் முதல் நாளில் மூன்று சக்கர வண்டியும் தையல் இயந்திரமும் வழங்குவார்கள். இரண்டாவது நாளில் கருத்தரங்கம் நடக்கும், பெரும்பாலும் மாடியில். அங்கே வந்தவர்களை இங்கே காண முடிவதில்லை. யாரும் அவர்களை வேண்டாம் என்று சொல்லவில்லை. வருவதற்கான வழியைத்தான் யாரும் செய்யவில்லை.

சட்டத்தில் குறை இல்லை. 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், இவர்களின் உரிமைகள் பள்ளி, கல்லூரி, பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் இடம்பெற வேண்டும் என்று பிரிவு 39-இல் சொல்கிறது. காவலர், நீதிபதி, வழக்கறிஞர், ஊராட்சி உறுப்பினர் ஆகியோரின் பயிற்சிகளிலும் இது கட்டாயம் என்கிறது பிரிவு 47. ஆனால் நடைமுறையில் ஒரு பாடத்தைச் சேர்த்துவிட்டு, அந்தப் பாடம் யாரைப் பற்றியதோ அவரை வாசலிலேயே விட்டுவிடுகிறோம். மனித உரிமைக் கல்வி குறித்து 2011-இல் ஐ.நா. வெளியிட்ட பிரகடனம் மூன்று விஷயங்களைக் கேட்கிறது: உரிமைகளைப் பற்றிய கல்வி, உரிமைகளின் வழியான கல்வி, உரிமைகளுக்கான கல்வி. நாம் தடுக்கி விழுவது நடுவில் உள்ளதில்தான். கற்பிக்கும் முறையே கற்பவரின் உரிமையை மதிக்காவிட்டால், பலகையில் எழுதிய சமத்துவத்துக்கு மதிப்பில்லை.

மாற்றுத்திறனாளிகளும் வந்து கற்கும்படி ஒரு மனித உரிமை வகுப்பை எப்படி நடத்துவது? பதிவுப் படிவத்திலிருந்து தொடங்குவோம். “ஏதாவது உதவி தேவையா?” என்று பொதுவாகக் கேட்டால் “இல்லை” என்றுதான் எழுதுவார்கள். சமாளித்தே பழகியவர்கள் அவர்கள். சைகைமொழி பெயர்ப்பாளர், பிரெய்ல், பெரிய எழுத்து, சரிவுப்பாதை, உடன் வருபவருக்கு இருக்கை, போக்குவரத்துச் செலவு என்று ஒவ்வொன்றாகப் போட்டு ‘டிக்’ செய்யச் சொல்லுங்கள். நிகழ்ச்சிக்கு மூன்று வாரமாவது முன்பே கேட்டுவிட வேண்டும். டிசம்பர் முதல் வாரத்தில் எல்லா விழாக்களுக்கும் தேவைப்படும் சைகைமொழி பெயர்ப்பாளர்களைக் கடைசி நேரத்தில் தேடினால் கிடைக்க மாட்டார்கள்.

இடத்தைப் போனில் விசாரித்தால் போதாது. ‘ரேம்ப் இருக்கிறது’ என்ற பதிலை நம்பாமல் அளவு நாடாவோடு நேரில் போங்கள். சரிவு 1-க்கு 12 இருக்க வேண்டும், அதாவது ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம். 15 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு படிக்கு 1.8 மீட்டர் நீளம், மூன்று படிக்கு 5.4 மீட்டர். மூன்று படி மேல் நான்கடிப் பலகையைச் சாய்த்து வைத்தால், ஏறும்போது நாற்காலி பின்பக்கமாகக் கவிழும். ‘நாலு பேர் தூக்கிவிடலாம்’ என்பது அதைவிட மோசம். பல நாற்காலிகளில் கைப்பிடியும் கால்தாங்கியும் கழன்று வரக்கூடியவை, அவற்றைப் பிடித்துத் தூக்கினால் ஆள் கீழே விழுவார். விழாவிட்டாலும், கண்ணியம் பற்றிய வகுப்புக்கு ஒருவரை மூட்டை போலத் தூக்கி வருவது என்ன நியாயம்? வாசல் திறப்பு 90 சென்டிமீட்டர், நாற்காலி திரும்ப ஒன்றரை மீட்டர் வட்டம், வெளிப்பக்கம் திறக்கும் கழிப்பறைக் கதவு ஆகியவற்றைப் பாருங்கள். அந்தக் கழிப்பறை பூட்டிக் கிடக்கிறதா, உள்ளே துடைப்பமும் உடைந்த நாற்காலியும் குவிந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். மேடை வேண்டாம், எல்லாரும் ஒரே தளத்தில் இருந்தே பேசலாம்.

டிசம்பர் என்றால் மழை. தண்ணீர் தேங்கிய தெருவில் வெள்ளைக்கோலால் நடைபாதை விளிம்பைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. மாற்றுத் தேதியை அழைப்பிதழிலேயே போட்டுவிடுங்கள்.

சைகைமொழிக்கு ஒருவர் போதாது, இருவர் வேண்டும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை மாறாவிட்டால் கை சோர்வதற்கு முன்பே மனம் சோர்ந்து, பொருள் நழுவும். பெயர்ப்பாளர் பேசுபவரின் பக்கத்தில் நிற்கட்டும். ஜன்னலுக்கு முன்னால் நின்றால் முகம் இருட்டாகிவிடும். படம் போட விளக்கை அணைத்தால் செவித்திறன் குறைந்தவர்களுக்கு வகுப்பே அணைந்துவிடும், ஒரு விளக்கு எப்போதும் எரியட்டும். பாடக்குறிப்பை முன்னதாகவே அனுப்புங்கள். ‘அடிப்படை உரிமை’, ‘நியாயமான வசதி’ போன்ற சொற்களுக்கு என்ன சைகை என்பதை முன்கூட்டிப் பேசி முடிவு செய்யாவிட்டால் பெயர்ப்பாளர் ஆங்கில எழுத்துகளை விரலால் ஒவ்வொன்றாகக் காட்டுவார். தமிழ் வழியில் படித்தவருக்கு அது புரியாது. கேள்வி கேட்டதும் முதலில் கை தூக்கியவரிடம் பதில் வாங்காதீர்கள். சைகை சில நொடி தாமதமாகத்தான் போய்ச் சேரும்.

பார்வையற்றோருக்கான கையேட்டில் எழுத்துரு முக்கியம். வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்பைத் திரைவாசிப்பான் (திரையில் உள்ளதை உரக்கப் படிக்கும் மென்பொருள்) வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகப் படிக்கும். ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே தெரிந்தால் யூனிகோட், பிரச்சினை இல்லை. புகைப்படமாக எடுத்த பிடிஎஃப் எதற்கும் உதவாது. பிரெய்ல் என்றால் அச்சில் ஒரு பக்கம் இரண்டு மூன்று பக்கமாக விரியும், நேரமும் செலவும் அதற்கேற்ப ஒதுக்க வேண்டும்.

பயிற்சிகளில்தான் நல்ல எண்ணமுள்ள பயிற்றுநர்கள் கூடத் தவறுகிறார்கள். ‘உங்களுக்கு இந்த உரிமை கிடைத்தால் ஓரடி முன்னே வாருங்கள்’ என்ற பயிற்சி பலரும் செய்வது. நடக்க முடியாதவருக்கும், யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்க முடியாதவருக்கும் அதில் இடமில்லை. ஆளுக்கு ஒரு எவர்சில்வர் டம்ளரும் இருபது புளியங்கொட்டையும் கொடுங்கள். உரிமை கிடைத்தால் ஒன்றைப் போட வேண்டும். விழும் சத்தம் கேட்கும், முடிவில் டம்ளருக்குள் கையை விட்டு எண்ணலாம், யாருடைய டம்ளர் காலி என்பது எல்லாருக்கும் தெரியும். நடந்து செய்ததைவிட இதில் பேச்சு நன்றாக வரும் என்பது என் கருத்து.

அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு உள்ளடக்கத்தைக் குறைக்க வேண்டியதில்லை. ஒரு வாக்கியத்தில் ஒரே கருத்து, பக்கத்தில் ஒரு படம், 16 புள்ளி எழுத்து, ஒரு பாடவேளைக்குப் பதில் இரண்டு. தேர்ந்தெடுக்கும் உரிமையை டீயா காபியா என்பதிலிருந்தே தொடங்கலாம், ‘ரெண்டும் வேண்டாம்’ என்பதும் சரியான பதில்தான். பேச்சு தடைப்படுபவர் பேசும்போது பத்து நொடி காத்திருங்கள், அவர் வாக்கியத்தை நீங்கள் முடிக்காதீர்கள்.

விவாதத்துக்கு மெரினாவை எடுத்துக்கொள்ளலாம். 2022 நவம்பரில் கடல் வரை சக்கர நாற்காலி போக மரப்பாதை திறந்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் அது சேதமானது, பிறகு சரி செய்தார்கள். ‘சோறும் வேலையும் முதலில், கடல் எதற்கு?’ என்று மாணவர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். பொழுதுபோக்கும் உரிமை என்று 2016 சட்டத்தின் பிரிவு 29 சொல்வதையும், மற்றவர்கள் கடலுக்குப் போக யாரிடமும் காரணம் சொல்வதில்லை என்பதையும் முன்வையுங்கள்.

பாடம் நடத்துபவர்களில் மாற்றுத்திறனாளிகள் இருக்க வேண்டும். தன் கதையைச் சொல்லிக் கண்கலங்க வைக்க அல்ல, சட்டம் நடத்த. அவருக்குப் பொன்னாடை மட்டும் போதாது, மற்றவருக்குத் தரும் அதே மதிப்பூதியம் தர வேண்டும்.

கடைசி வகுப்பைத் தெருவில் நடத்துங்கள். பார்வையுள்ளவர், பார்வையற்றவர், சக்கர நாற்காலியில் வருபவர் கலந்த குழு, ஒரு அளவு நாடா, பக்கத்து ரேஷன் கடையோ வாக்குச்சாவடிப் பள்ளியோ போதும். படியின் உயரத்தை அளந்து, சரிவுப்பாதைக்குத் தேவையான நீளத்தைக் கணக்கிட்டு, என்ன திட்டம் இருக்கிறது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்துடன் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். எழுத முடியாதவர் வாய்மொழியாகச் சொன்னால் பொதுத் தகவல் அலுவலர் எழுத உதவ வேண்டும் என்பது அதே சட்டத்தில் இருக்கிறது, அதை மாணவர்களே கேட்டு வாங்கட்டும். பிறகு மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு மனு எழுதலாம். அவர் ஓர் அலுவலகத்துக்குப் பரிந்துரை அனுப்பினால், எடுத்த நடவடிக்கையை அந்த அலுவலகம் மூன்று மாதத்துக்குள் தெரிவிக்க வேண்டும். அந்தத் தேதியைக் குறித்து, அன்றைக்குக் கூடுவதற்கான இடத்தையும் முடிவு செய்துவிட்டு வகுப்பைக் கலையுங்கள். தரைத்தளமாகவே பாருங்கள்.