124 என்ற டிராக்டர் வீட்டுக்கு வந்த கதை: கராஜ் நாட்குறிப்பு

மார்ச் 9, 2025, ஞாயிறு

வடமேற்கு ஒஹாயோவில் பனி இன்னும் முழுதாக விடவில்லை. போன ஆகஸ்டில் மகளைப் பௌலிங் கிரீனுக்கு அழைத்துப்போனது என் தவறு. கனமான சறுக்குவண்டியை யார் அதிகத் தூரம் இழுப்பது என்று பார்க்கும் தேசிய டிராக்டர் இழுவைப் போட்டி, 1967இல் தொடங்கியது, அங்கேதான் நடக்கிறது. அந்த ராட்சத எந்திரங்களின் சத்தத்தில் நான் காதைப் பொத்திக்கொண்டேன். அவள் கண்ணை விரித்துக்கொண்டாள். எதிர்வீட்டுப் பெரியவர் பல வருடங்களாகச் சின்னத் தோட்ட டிராக்டரில் இதே மாதிரிப் போட்டிகளுக்குப் போகிறவர் என்பதைப் பிறகுதான் கண்டுபிடித்தாள். பதினான்கு வயதுப் பெண் பிறந்த நாளுக்குக் கைபேசி வேண்டாம், டிராக்டர் வேண்டும் என்கிறாள்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் குதிரைத்திறன் ஒன்றுதான். விளம்பரத்தில் கப் கேடட் 1650 என்ற பழைய தோட்ட டிராக்டர் ஒன்றைப் பார்த்தேன். 16 குதிரைத்திறன். மனத்துக்குள் அப்போதே வாங்கிவிட்டேன்.

மார்ச் 12, புதன்

பெரியவரிடம் விளம்பரத்தைக் காட்டினேன். எஞ்சினைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "எந்தப் பிரிவில் இழுக்கப்போகிறாள்?" என்றார். நான் விழித்தேன். உள்ளே போய், எண்ணெய்க் கறை படிந்த விதிப்புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து கையில் திணித்தார்.

எங்கள் உள்ளூர் சங்கத்தின் ஸ்டாக் பிரிவில், அதாவது பெரிதாக மாற்றாத வண்டிகளின் பிரிவில், ஓட்டுநரையும் சேர்த்து 1,050 பவுண்டுக்கு மேல் கூடாது. எஞ்சின் நிமிடத்துக்கு 4,000 சுற்றைத் தாண்டக் கூடாது. சறுக்குவண்டியை மாட்டும் கொக்கியின் உயரம் தரையிலிருந்து 13 அங்குலம் வரைதான். இந்தக் கட்டுக்குள் 16 குதிரையை வைத்துக்கொண்டு என்ன செய்வாய் என்று கேட்டார். எடையும் டயரும் மண்ணைப் பிடிக்கிற அளவுக்குத்தான் இழுவை. மிஞ்சுகிற திறன் பள்ளம் தோண்டத்தான் உதவும்.

மார்ச் 16, ஞாயிறு

இன்று ஒரு நல்ல சூட்சுமம் கற்றேன். பழைய கப் கேடட்களின் எண்ணிலேயே ஜாதகம் இருக்கிறது. 122, 124, 126, 128 எல்லாம் 12 குதிரைத்திறன், கியர் வண்டிகள். 123, 125, 127, 129 அதே 12 குதிரைத்திறன், ஆனால் ஹைட்ரோஸ்டேடிக். எண்ணெய் அழுத்தத்தால் ஓடுகிறவை. இரட்டைப்படை என்றால் கியர், ஒற்றைப்படை என்றால் எண்ணெய். புல் வெட்ட ஹைட்ரோ சுகம். ஆனால் எஞ்சின் தரும் திறனில் ஒரு பங்கை அது சூடாக்கித் தின்றுவிடும். நான் மனத்தால் வாங்கிய 1650உம் ஹைட்ரோதான். போதாததற்கு அதன் எஞ்சின் ரப்பர் தாங்கிகள் மேல் உட்கார்ந்திருக்கிறது. இழுவைக்குப் போகிறவர்கள் முதல் வேலையாக அந்த ரப்பரைக் கழற்றி எறிவார்களாம்.

ஜான் டீர் 110 என்ற இன்னொரு டிராக்டர் அழகாக இருந்தது. அதில் எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே பெல்ட். கப் கேடட் கியர் வண்டியில் பெல்ட் இல்லை. கிளட்ச், ஒரு தண்டு, நேராகப் பின்பக்கக் கியர் பெட்டி. அந்தப் பெட்டியும் ஃபார்மால் கப் என்ற உண்மையான வயல் டிராக்டரின் வம்சம். அழகைப் பார்த்து ஏமாறாதே என்று என் பாட்டி மாப்பிள்ளைகளைப் பற்றிச் சொல்வார்.

மார்ச் 29, சனி

இந்தியானாவில் ஒரு தானியக் கொட்டகையில் கப் கேடட் 124. 1960களின் கடைசியில் வந்த மாடல். மஞ்சள் பெயின்ட் பாதி போய்விட்டது. இருக்கைக்கு அடியில் எலிக் கூடு. எஞ்சின் முதல் முயற்சியிலேயே ஓடியது, சீராகவும் ஓடியது. நான் பணத்தை எடுக்கப் போனேன். பெரியவர் கையை அமர்த்தினார். வண்டியின் மூக்கைக் கொட்டகைத் தூணில் முட்டவைத்து, மூன்றாம் கியர் போட்டு, கிளட்சை விட்டார். ஒரு முனகல்; எஞ்சின் சட்டென்று நின்றது. "நல்லது" என்றார். கிளட்ச் வழுக்கியிருந்தால் எஞ்சின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்திருக்கும். எஞ்சின் நின்றுபோனதைப் பார்த்து ஒருவர் மகிழ்வதை இன்றுதான் கண்டேன். 550 டாலர்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை முதல் நாள். மாங்காய்ப் பச்சடி சாப்பிட்ட கையோடு எஞ்சினைப் பிரித்தோம். "வருடப்பிறப்பும் அதுவுமாகவா?" என்று மனைவி கேட்டாள். பதில் சொல்லும் நிலையில் யாரும் இல்லை.

கோலர் நிறுவனத்தின் கே301 எஞ்சின். வார்ப்பிரும்புக் கட்டை, ஒற்றை சிலிண்டர், வால்வுகள் பக்கவாட்டில். உள்விட்டம் 3⅜ அங்குலம், பிஸ்டன் ஓட்டம் 3¼ அங்குலம். 29 கன அங்குலம் சொச்சம். 1650இல் இருக்கும் 16 குதிரை கே341க்கும் பிஸ்டன் ஓட்டம் இதே 3¼தான். உள்விட்டம் மட்டும் 3¾. இத்தனை நாள் நான் ஏங்கியது முக்கால் அங்குலத்தில் பாதிக்காக.

எண்ணெய்த் தட்டைக் கழற்றியதும் பெரியவர் விளக்கை உள்ளே பிடித்து, "இது வண்டியோடு வந்த எஞ்சின் இல்லை, பிறகு யாரோ மாற்றியது" என்றார். பிஸ்டன் சுழற்றும் கிராங்குத் தண்டுக்குப் பக்கத்தில் இரண்டு சமன் பற்சக்கரங்கள். அதிர்வைக் குறைக்கக் கோலர் பிற்காலத்துக் கே301கள் சிலவற்றில் வைத்தது. வயதானால் அவற்றின் தாங்கி தேய்ந்து, பல் உடைந்து, உடைந்த துண்டு கட்டையையே பிளந்துவிடும். மகள் விரலால் அசைத்துப் பார்த்தாள். ஒன்று ஆடியது, விழக் காத்திருக்கும் பால்பல் மாதிரி. இரண்டையும் எடுத்துவிட்டோம். அதிர்வு கூடும்; கூடட்டும்.

வேகக் கட்டுப்பாட்டுக் கருவியில் மட்டும் பெரியவர் கை வைக்கவிடவில்லை. எஞ்சினோடு சுழலும் கனச் சக்கரமான ஃப்ளைவீல் வார்ப்பிரும்பு, கண்டபடி சுழற்றினால் வெடிகுண்டு. வேகமாக இழுக்கும் பிரிவுகளுக்குப் போகிறவர்கள் முதலில் எஃகு ஃப்ளைவீல் வாங்குவது அதனால்தான்.

மே 17, சனி

எடைக்கட்டிகள், பின்னால் கவிழாமல் தாங்கும் சட்டம், எஞ்சினை நிறுத்தும் கயிற்று விசை. எல்லாம் பொருத்தியாயிற்று. டிராக்டரைவிட இவற்றுக்குச் செலவு அதிகம். மனைவிக்குக் கணக்கு இன்னும் போகவில்லை.

ஜூன் 14, சனி

முதல் போட்டி. நம் ஊர்த் தேர் நகரத் தொடங்கும்வரைதான் பாடு. பிறகு தானே ஓடும். இங்கே நேர்மாறு. இழுபடும் சறுக்குவண்டியின் மேல் ஓர் எடைப்பெட்டி இருக்கிறது. வண்டி நகர நகர அந்தப் பெட்டி சங்கிலியில் முன்னால் ஏறிவந்து, அடித்தட்டை மண்ணில் அழுத்துகிறது. போகப்போகக் கனக்கும். 200 அடியையும் தாண்டினால் முழு இழுப்பு.

ஹெல்மெட்டுக்குள் அவள் முகம் தெரியவில்லை. எஞ்சினை நிறுத்தும் விசையின் வளையத்தில் சறுக்குவண்டிக்காரர் கயிற்றை மாட்டினார். பச்சைக் கொடி. கிளட்சை அவள் பதறாமல் விட்டாள். 124 உறுமியபடி போயிற்று. நூறு அடியைத் தாண்டியும் எஞ்சின் குரல் இறங்கவே இல்லை, பின்சக்கரங்கள் மட்டும் மண்ணை வாரி இறைத்தன. 143 அடியில் நின்றாள். அவள் பிரிவில் கடைசிக்கு முந்தைய இடம்.

பெரியவர் தடத்தில் குனிந்து முன்சக்கரச் சுவடுகளைக் காட்டினார். தொடக்கம் முதல் முடிவுவரை ஆழமாகப் பதிந்திருந்தன. "மூக்கில் கனம் அதிகம். முன்சக்கரம் மண்ணைத் தொட்டும் தொடாமலும் போக வேண்டும்" என்றார். கவிழ்ந்துவிடுவாளோ என்ற பயத்தில் இன்று காலை கூடுதலாக இரண்டு கட்டிகளை முன்னால் மாட்டியது நான்தான். வீடு வரும்வரை அதை அவளிடம் சொல்லவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

இங்கே இன்று தந்தையர் தினம். காலை உணவு மேஜையில் வாழ்த்து அட்டை. உள்ளே ஒரு வரி வாழ்த்து, அதன் கீழே, "23க்கு 10.50, 12 அங்குல ரிம், இரண்டு டயர்" என்று எழுதி விலையும் போட்டிருந்தாள். கராஜில் ஸ்பேனர் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். நான் மாட்டிய கட்டிகளில் ஒன்று ஏற்கெனவே தரையில் கிடந்தது. "அப்பா, இன்னொன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்றாள்.