பாஸ் பாறையின் கேனட் பறவைகள்

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில், ஃபோர்த் ஆறு கடலோடு கலக்கும் அகன்ற கழிமுகத்தில், நார்த் பெரிக் என்னும் சிற்றூருக்கு எதிரே பாஸ் ராக் என்ற எரிமலைப் பாறை நூறு மீட்டருக்கு மேல் செங்குத்தாக எழுந்து நிற்கிறது. கோடையில் கரையிலிருந்து பார்த்தால் அதன் உச்சி முழுவதும் வெள்ளையாகத் தெரியும். அதில் பாதி எச்சம், மீதி பறவைகள். 2014-ல் கணக்கெடுத்தபோது 75,000-க்கும் அதிகமான கூட்டிடங்கள் இருந்தன. உலகில் வட அட்லாண்டிக் கேனட் என்னும் கடற்பறவைகள் இவ்வளவு பெருந்திரளாகக் கூடியிருந்த இடம் வேறில்லை. எடின்பரோவில் குடியேறிய பிறகு, கோடை வந்தால் படகேறி அந்தப் பாறையைச் சுற்றிவருவது எனக்கு வழக்கமாகிவிட்டது.

கேனட் என்றதும் எல்லோரும் பேசுவது அதன் பாய்ச்சலைத்தான். ஏறத்தாழ 180 சென்டிமீட்டர் சிறகு விரிவும் மூன்று கிலோ எடையும் கொண்ட இப்பறவை, கானாங்கெளுத்தி, ஹெர்ரிங் போன்ற மீன்கூட்டங்களைக் கண்டதும் 30 மீட்டர் உயரத்திலிருந்துகூடத் தலைகீழாக விழுகிறது. நீரைத் தொடும் கடைசிக் கணத்தில் சிறகுகளை உடலுக்குப் பின்னே முழுவதுமாக நீட்டிக்கொள்கிறது. அப்போது அதன் வேகம் மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டக்கூடும். அந்த மோதலைத் தாங்கும்படியே அதன் உடல் அமைந்திருக்கிறது. அலகின் மேல் திறந்த நாசித்துளைகள் இல்லை. முகத்திலும் மார்பிலும் தோலுக்கடியில் உள்ள காற்றுப்பைகள் அடியின் வேகத்தைத் தணிக்கின்றன. கழுத்துத் தசைகள் இறுகி, வளைந்த கழுத்தை நேராக நிறுத்துகின்றன. இதன் நெருங்கிய உறவான ஆஸ்திரேலியக் கேனட்டை ஆராய்ந்தவர்கள், நீருக்குள் நுழைந்த ஏறத்தாழ பத்தில் ஒரு நொடிக்குள் அதன் கண், காற்றில் பார்ப்பதிலிருந்து நீருக்குள் பார்ப்பதற்கு மாறிவிடுவதைக் கண்டறிந்தார்கள். விழுந்த வேகத்தில் பத்து மீட்டர் வரை இறங்கும் பறவை, அதற்குமேல் சிறகுகளாலும் கால்களாலும் உந்தி இன்னும் ஆழம் போகிறது.

ஆனாலும் என்னைக் கேட்டால், பாய்ச்சலைவிட வியப்புக்குரியவை அதன் பாதங்களே. நான்கு விரல்களையும் ஒன்றாக இணைக்கும் கரிய சவ்வும், ஒவ்வொரு விரலின் மேலும் ஓடும் மெல்லிய கோடும் படகு பாறையை ஒட்டிப் போகும்போது தெளிவாகத் தெரியும். ஆணுக்கு அந்தக் கோடு மஞ்சள் கலந்த பச்சை, பெண்ணுக்குச் சற்று நீலம். பெரும்பாலான பறவைகளுக்கு அடைகாக்கும் காலத்தில் வயிற்றில் இறகு உதிர்ந்து, முட்டைக்குச் சூடு தரும் வெற்றுத்தோல் உண்டாகும். கேனட்டுக்கு அது இல்லை. அது ஆண்டுக்கு இடும் ஒரே முட்டையை, இரு உள்ளங்கைகளால் பொத்திக்கொள்வது போலச் சவ்வுகளால் மூடி, அதன்மேல் அமர்ந்து, ஆணும் பெண்ணும் முறைவைத்து ஏறத்தாழ 44 நாள் காக்கின்றன. ஓடு விரிசல் விடத் தொடங்கியதும் முட்டையைப் பாதங்களுக்கு மேலே ஏற்றிக்கொள்கின்றன. இல்லாவிட்டால் அந்த எடையே குஞ்சை நசுக்கிவிடும்.

இவ்வளவு கவனமும் நடப்பது அண்டை வீட்டுப் பறவையின் அலகு எட்டும் தொலைவில். இடத்துக்கான சண்டைகள் கடுமையானவை. கடலிலிருந்து திரும்பும் பறவையை அதன் துணை, கழுத்தை நீட்டி, அலகோடு அலகை உரசி, உரத்த குரலில் வரவேற்கும். கூட்டைவிட்டுக் கிளம்பும் பறவை அலகை வானை நோக்கி நிமிர்த்தி அறிவித்த பிறகே நகரும். இருவரும் ஒரே நேரத்தில் போய்விட்டால் கூடும் குஞ்சும் அண்டையாரிடம் தப்பா.

கருமையான வெற்றுத்தோலுடன் பிறக்கும் குஞ்சு, ஏறத்தாழ 90 நாளில் தாய் தந்தையைவிடக் கொழுத்து, பாறை விளிம்பிலிருந்து கடலில் குதிக்கிறது. குதித்த பின் பல நாள்களுக்கு அதனால் நீரிலிருந்து மேலெழும்ப முடியாது. பெற்றோரும் கூடவே போவதில்லை. சேர்த்துவைத்த கொழுப்பு தீர்வதற்குள் பறக்கவும் பாய்ந்து மீன் பிடிக்கவும் அது தானே கற்றாக வேண்டும். முதல் குளிர்காலத்தில் மேற்கு ஆப்பிரிக்கக் கடல்வரை போகும் இளம்பறவைகளில் பல திரும்புவதில்லை. திரும்புபவை, பழுப்பு இறகுகள் ஆண்டுக்காண்டு வெளுத்து, ஐந்து வயதை ஒட்டித்தான் இனம்பெருக்கத் தொடங்குகின்றன.

2022 கோடையில் பறவைக் காய்ச்சல் பாஸ் பாறைக்கு வந்தது. தோளோடு தோள் நெருங்கிக் கூடமைக்கும் பறவைகளிடையே எச்5என்1 வைரஸ் வேகமாகப் பரவியது. கூடுகளிலேயே இறந்துகிடந்தவற்றைப் படகிலிருந்து பார்த்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. 2023-ல் எண்ணியபோது, 2014-ஐவிட ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்திருந்தது. அதே காலத்தில்தான் வெளிர்நீலமாக இருக்க வேண்டிய கருவிழி முழுவதும் கறுத்த கேனட்டுகளை ஆய்வாளர்கள் கவனித்தார்கள். இரத்தம் எடுத்துச் சோதித்ததில், அவற்றில் பெரும்பாலானவை நோய் கண்டு பிழைத்தவை என்று தெரிந்தது. அந்தக் கறுத்த கண்கள் பார்வையைப் பாதிக்கின்றனவா என்பதே என் பெரிய கவலை, ஏனெனில் இந்தப் பறவையின் வேட்டை முழுவதும் கண்ணை நம்பியது.

ஆண்டுக்கு ஒரே முட்டை, அதற்கும் ஐந்தாண்டுக் காத்திருப்பு என்று வாழும் இனத்தில், இழப்பு விரைவில் ஈடாகாது. 2023-ல் அந்தப் பாறையில் பொரித்த குஞ்சுகளில் பிழைத்தவை தங்களுக்கென்று கூடு அமைக்க 2028 வாக்கில்தான் திரும்பிவரும்.