கத்திரி வெயில் நாட்கள்

மே 14, புதன்

ஆஸ்பத்திரியில் இவர் டெஸ்ட் ரிப்போர்ட் வரவில்லை. வெள்ளிக்கிழமை வந்து கேட்கச் சொல்லிவிட்டார்கள்.

மே 15, வியாழன்

ராத்திரி ரெண்டு மணிக்கு விழிப்பு வந்தது. இவர் கழுத்தைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "புழுக்கம்" என்றார். கத்திரியில் வேலூர் சத்துவாச்சாரியில் யாருக்குத்தான் தூக்கம் வருகிறது, சரி. ஆனால் ஃபேன் இவர் பக்கம்தான் திரும்பியிருந்தது.

எனக்கு வேறு நினைப்பு. ராணிப்பேட்டை தோல் கம்பெனியில் தோல் பதனிடும் டிரம் பக்கத்திலேயே காலம் தள்ளிய மனுஷன். குரோமியத்தில் ஊறிய தோல் வெளிர்நீலமாக வரும். அந்த நீலம் இவர் நகக்கண்ணிலும் இருக்கும், சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் போகாது. 1996-ல் பாலாறு கெட்டுப்போன வழக்கில் உச்ச நீதிமன்றம் தோல் ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் போட்டதே, அன்றைக்கு இவர்தான் சிரித்தார்: "ஆத்துக்குக் கேஸ் போட ஆள் இருக்குது. என் கைக்கு யார் போடுவா?" இதை டாக்டரிடம் கேட்கணும். நான் வாயைத் திறந்தாலே முழங்கையால் இடிக்கிறார்.

மே 16, வெள்ளி

திங்கட்கிழமையாம். கவுன்ட்டரில் இருந்த பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

முள்ளுக்கத்திரிக்காய்க் காரக்குழம்பு. ரெண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை இவருக்கு. எங்கள் பெண்ணுக்கு இன்னும் சொல்லவில்லை.

மே 17, சனி

பால் பாக்கெட்டை வெட்டும்போது பின்னால் வந்து நின்றார். "இந்த ஆறு எங்க போய் சேருதுன்னு என்னிக்காவது பார்த்திருக்கியா?" 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது ஊரே பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்தது. இவர் மட்டும், இவ்வளவு தண்ணியும் எங்கே போகுது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இப்போது இன்னாத்துக்கு அந்தப் பேச்சு என்றேன். "இன்னிக்கு ரிப்போர்ட் வராது இல்ல? கிளம்பு."

அதுவும் சரிதான். புளிசாதம் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டோம்.

ஆற்காடு பாலத்தின் மேல் பஸ் போகும்போது ரெண்டு பேரும் எட்டிப் பார்த்தோம். மணல், முள்செடி, நடு ஆற்றில் கிரிக்கெட். காஞ்சிபுரத்தில் மாறி செங்கல்பட்டு, அங்கே மாறி கல்பாக்கம் பஸ். திருக்கழுக்குன்றத்தில் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக் கும்பிட்டேன். உச்சிவேளைக்கு வந்து சாப்பிட்டுப் போன கழுகுகள் இப்போதெல்லாம் வருவதில்லை. என்ன வேண்டிக்கொண்டாய் என்று இவர் கேட்கவில்லை.

சதுரங்கப்பட்டினத்தில் கடலை ஒட்டி டச்சுக்காரர்கள் கட்டிய செங்கல் கோட்டை. நம்ம ஊர்க் கோட்டையைப் பார்த்த கண்ணுக்கு அது சின்னதுதான். உள்ளே அவர்களுடைய கல்லறைகள் இருக்கின்றன என்று ஒருத்தர் சொன்னதும் இவர் அப்படியே திரும்பிவிட்டார். "அதப் பார்க்கவா இவ்ளோ தூரம் வந்தோம்?"

அப்புறம் ஆட்டோ பிடித்து வாயலூர். தடுப்பணையைப் பார்த்துவிட்டு மணலில் வெகுதூரம் நடந்தோம், செருப்புக்குள்ளும் சுட்டது. முகத்துவாரத்தை மணல் அடைத்துக் கிடக்கிறது. நந்தி மலையில் கிளம்பி மூன்று மாநிலம் கடந்து 348 கிலோமீட்டர் வந்த ஆறு, இந்தப் பக்கம் குட்டையாகத் தேங்கி நிற்கிறது. அந்தப் பக்கம் அலை. வலை காயவைத்துக்கொண்டிருந்தவரிடம் இவர் விசாரித்தார். "மழை வந்தா தானா ஒடச்சிக்கும்" என்றார் அவர். இவருக்கு அதில் என்ன சந்தோஷமோ, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டார்.

ஒரு வாரமாகக் காலர் பட்டன் வரை போட்டு மறைத்த சட்டை. காற்றில் தானே ரெண்டு பட்டனைக் கழற்றினார். பிளாஸ்டர் ஒரு ஓரத்தில் கிளம்பி, பசையில் மணல் ஒட்டியிருந்தது. மணலைத் தட்டிவிட்டு கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினேன். காட்டிக்கொண்டு நின்றார்.

அங்கேயே கேட்டுவிட்டேன், கம்பெனித் தண்ணியால் வந்திருக்குமோ என்று.

"அந்தத் தண்ணியிலதான் பொண்ணப் படிக்க வெச்சோம்."

அவ்வளவுதான். சுண்டல் வாங்கிக் கொடுத்தார், மாங்காய் நிறைய போட்டு.

மே 18, ஞாயிறு

இடுப்பு விட்டுப்போச்சு. பையெல்லாம் மணல். பக்கத்து வீட்டு அக்காவிடம் மகாபலிபுரம் போனோம் என்று சொல்லிவைத்தேன். ஆறு முடிகிற இடம் பார்க்கப் போனோம் என்றால் என்ன நினைப்பார்கள்?

டிரம் பக்கம் இவரோடு வேலை பார்த்தவர்களில் யாருக்கு என்ன நோய் வந்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டிருந்தேன். இவர் பார்த்துவிட்டார். "வந்தவங்க பேரையே எழுதினா எப்படி? வராதவங்கள எழுது." எழுதினேன். அந்தப் பக்கம்தான் நீளம். ஆனாலும் தாளைக் கிழிக்க மனசு வரவில்லை, டாக்டரிடம் காட்டலாம் என்று ஃபைலில் வைத்திருக்கிறேன்.

மே 19, திங்கள்

பத்து மணிக்கு போன். பதினொன்றரைக்கு நேரில் வரச் சொல்கிறார்கள், ரெண்டு பேரையும். போனில் வேறு எதுவும் சொல்லவில்லை. இவர் இஸ்திரி போட்ட சட்டை கேட்கிறார், காலர் வைத்ததாக. வழியில் தெரிந்தவர்கள் யாராவது கேட்டால் எனக்குப் பல்வலி என்று சொல்லணுமாம். ஆட்டோ வந்துவிட்டது.