ஒப்பிப்பது வாசிப்பு ஆகாது

ஐந்தாம் வகுப்புப் பிள்ளை பாடத்தைக் கடகடவென்று ஒப்பிக்கும், நடுவில் ஒரு சொல்லை மட்டும் தனியாகக் காட்டினால் திருதிருவென்று விழிக்கும். வீட்டில் புத்தகமும் இல்லை, உட்கார்ந்து சொல்லித்தர ஆளும் இல்லை என்கிற பிள்ளைகளிடம் இந்த ஓட்டை வருஷக்கணக்கில் யார் கண்ணிலும் படாமலே போய்விடுகிறது.

247 எழுத்தும் முடிந்தால்தான் சொல் என்று பிடிவாதம் பிடிப்பவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. ட, ப, ம, கூடவே புள்ளி, இவ்வளவு வந்ததுமே படம், மடம், பட்டம் என்று சேர்த்துப் படிக்க விடலாம். அப்புறம் துணைக்கால் போட்டால் பாடம், மாடம். சிக்கல் கொம்பில்தான். 'மெ'யில் கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ பின்னால் வருகிறது. 'மொ'வில் குறி இரண்டு பக்கமும். இடமிருந்து வலமாகப் படி என்று நாமே சொல்லிவிட்டு, குழம்பினால் மக்கு என்றால் எப்படி? அங்கே அவசரப்படாதீர்கள்.

வயதையோ வகுப்பையோ பார்த்துக் குழு பிரிப்பதும் வீண். எழுத்து, சொல், பத்தி, கதை என்று வாசிக்க வைத்து, எங்கே தடுமாறுகிறதோ அங்கே ஆரம்பிக்க வேண்டும். பிரதம் தொண்டு நிறுவனம் பல வருஷமாகச் செய்வது இதைத்தான்.

சரி, பத்து வயதுப் பிள்ளைக்கு மழலைப் பாட்டுப் புத்தகத்தை நீட்டலாமா? கூடாது, கூச்சப்பட்டு மூடி வைத்துவிடும். எளிய சொற்களில் ஒரு பேய்க்கதை எழுதிக் கொடுங்கள், அடுத்த பக்கம் எங்கே என்று அதுவே கேட்கும்.